நாய் காட்டிய உண்மை

சென்னைக்கு மேற்கே உள்ள திருவேற்காட்டுக்கு விடம் தீண்டாப்பதி என்று ஒரு பெயர் உண்டு. அங்கே பாம்பின் விஷம் யாரையும் தீண்டாது என்பது மக்களின் நம்பிக்கை.

விஷம் உடலை என்ன செய்கிறது என்று ஆராய்ந்தார், பிரான்சு நாட்டு டாக்டர் ஒருவர். அந்த ஆராய்ச்சி, நாம் சாப்பிடும் சோற்றைப் பற்றியும் ஓர் உண்மையைக் காட்டியது. அவர் பெயர் சார்லஸ் ரிஷே.

ரிஷே 1850-ம் ஆண்டு பாரீஸ் நகரில் பிறந்தார். தந்தை பெயர் பெற்ற அறுவை சிகிச்சை டாக்டர். மகனும் டாக்டருக்குப் படித்தார். 1887-ல் பாரீஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார்.

கப்பல் பயணம்

1901-ல் மொனாகோ நாட்டை ஆண்ட முதலாம் ஆல்பர்ட், தம் கப்பலில் ரிஷேயை அழைத்துச் சென்றார். போர்ட்டியே என்ற விஞ்ஞானியும் உடன் சென்றார். ஜெல்லி மீன் போன்ற ஒரு கடல் உயிரின் விஷத்தை இருவரும் ஆராய்ந்தார்கள்.

பாரீஸ் திரும்பியதும், கடல் சாமந்தி என்ற உயிரின் விஷத்தை நாய்களுக்கு ஊசி மூலம் செலுத்தினார்கள். சிறிது சிறிதாகக் கொடுத்தால் உடல் பழகிவிடும் என்பது அன்றைய டாக்டர்களின் எண்ணம்.

நெப்டியூன் என்ற நாய் முதல் ஊசியைத் தாங்கிக்கொண்டது. நலமாக இருந்தது. 22 நாள் கழித்து அதே அளவு விஷத்தை மறுபடியும் செலுத்தினார்கள்.

சில விநாடிகளில் நாய்க்கு மூச்சு இரைத்தது. நடக்க முடியாமல் விழுந்தது. 25 நிமிடத்தில் செத்தது!

பழகவேண்டிய உடல் பகைத்துக்கொண்டது. முதலில் வந்த பொருளை உடல் எதிரி என்று குறித்துவைத்தது. மறுமுறை வந்ததும் அளவு மீறிப் போர் தொடுத்தது. அந்தப் போரில் உடலே அழிந்தது. 1902-ல் ரிஷே இதற்கு அனாபிலாக்சிஸ் என்று பெயர் வைத்தார். காப்புக்கு எதிரானது என்பது பொருள்.

1913-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1935-ல், 85-வது வயதில் காலமானார்.

வீட்டுக்கு ஒரு பாடம்

விஷம்தான் இப்படிச் செய்யும் என்பது இல்லை. பால், முட்டை, வேர்க்கடலை, மீன், இறால் போன்ற நல்ல உணவும் சிலருக்கு இப்படி ஆகும். நேற்றுவரை ஒத்துக்கொண்டது இன்று ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

சாப்பிட்ட சற்று நேரத்தில் உடம்பு தடிக்கும். உதடும் நாக்கும் வீங்கும். தொண்டை அடைத்தாலோ, மூச்சு திணறினாலோ, மயக்கம் வந்தாலோ அது ஆபத்து. உடனே 108-க்குப் போன் செய்யவேண்டும். அவரை நடக்க விடக்கூடாது. படுக்கவைத்துக் காலை உயர்த்தவேண்டும். மூச்சு விட முடியாவிட்டால் உட்காரவைக்கலாம். குடிக்க எதுவும் கொடுக்கக்கூடாது.

உயிர் காக்கும் மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்பக்கத்தில் ஊசி போடுவார்கள். ரிஷே கப்பல் ஏறிய காலத்தில், ஜப்பானிய விஞ்ஞானி டக்காமினே பிரித்தெடுத்த மருந்து அது. ஊசி போட்டுத் தேறினாலும் ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும். சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரலாம்.

அடியாருக்குச் சோறு இட்டே புகழ் பெற்ற மூர்க்க நாயனார் பிறந்த ஊர் திருவேற்காடு. அன்னம் இடுவது புண்ணியம். ஆனால், வேண்டாம் என்பவர் இலையில் வற்புறுத்தி வைக்கவேண்டாம். அவர் கூச்சத்தால் மறுப்பதாக நினைக்கிறோம். உயிருக்குப் பயந்து மறுப்பவராகவும் இருக்கலாம்!