சர் ஜான் பென்னட் லாஸ்

இலண்டன் மாநகருக்கு வடக்கே, ஹார்ப்பெண்டன் என்னும் ஊரையடுத்து ராத்தம்ஸ்டெட் என்னும் பழம்பண்ணை உள்ளது. அப்பண்ணைக்குரிய குடும்பத்தில் 1814-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 28-ஆம் நாள் ஜான் பென்னட் லாஸ் தோன்றினார். இளமையிலேயே தந்தையை இழந்தார். ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டிலும் பயின்றாரேனும் பட்டம் பெற்றிலர். 1834-இல் ஊர் திரும்பிப் பண்ணைப் பொறுப்பை ஏற்றார். வேதியியலில் வேட்கை மிக்க அவர், வீட்டிலிருந்த நல்ல படுக்கையறை ஒன்றை ஆய்வுக்கூடமாக மாற்றினார். அங்கே எழுந்த புகையும் நாற்றமும் அன்னையார்க்கு உவப்பளித்திரா.

அக்காலத்து உழவர் நிலத்திற்கு எலும்புத்தூள் இட்டுவந்தனர். அண்டை நிலக்கிழாராகிய டேக்கர் பிரபு ஒருநாள் லாஸிடம் ஒரு புதிரை எடுத்துரைத்தார். ஒரு நிலத்தில் எலும்புத்தூள் பெரும்பயன் தருகிறது. மற்றொரு நிலத்தில் சிறிதும் பயன்படவில்லை. இதற்குக் காரணம் யாது? அவ்வினா லாஸை விடவில்லை. எலும்பிலுள்ள மணிச்சத்து சுண்ணாம்போடு இறுகப் பிணைந்தது. புளிப்பு மிகுந்த மண்ணில் அது மெல்லக் கரைகிறது. புளிப்பற்ற மண்ணிலோ கல்லெனக் கிடக்கிறது. கரைந்ததை அல்லாமல் வேர் உறிஞ்சாது. லாஸ் எலும்புத்தூளைக் கந்தக அமிலத்தில் கரைத்து டர்னிப் கிழங்குப் பயிருக்கு இட்டார். பயிர் செழித்தது. பாறையிலிருந்து எடுத்த மணிச்சத்தும் அவ்வாறே பயன்பட்டது. இதுவே சூப்பர் பாஸ்பேட் உரம்.

1842-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அவ்வாண்டிலேயே மணமும் புரிந்தார். புதுமணத் தம்பதியர் வெளிநாட்டுப் பயணத்தைக் கைவிட்டுத் தேம்ஸ் ஆற்றில் படகேறிச் சென்று, தொழிற்சாலைக்கு இடம் தேடினர் என்பர். மறு ஆண்டு டெப்ட்போர்டில் ஆலை எழுந்தது.

வந்த பொருளை அவர் ஆராய்ச்சிக்கே பெரிதும் ஈந்தார். 1843-இல் கில்பர்ட் என்னும் வேதியியலறிஞரைத் துணைக்கொண்டு, பிராட்பாக் வயலில் கோதுமை ஆய்வைத் தொடங்கினார். இருவர் நட்பும் ஐம்பத்தேழு ஆண்டுகள் நீடித்தது. நன்றியுள்ள உழவர்கள் வெள்ளிப்பாத்திரம் பரிசளிக்க விரும்பியபோது, அப்பொருளைக் கொண்டு ஆய்வுக்கூடம் அமைக்குமாறு வேண்டிய அவரது பண்பு பாராட்டற்குரியது.

ஆயினும் ஓரிடத்தில் அவர் முடிவு பிழைபட்டது. பயறுவகைச் செடிகள் காற்றிலுள்ள தழைச்சத்தைக் கொள்ளுமா என்று 1857-ஆம் ஆண்டளவில் ஆராய்ந்தார். ஐயத்திற்கு இடமின்றி ஆய்தல் வேண்டுமென்று மண்ணை நெருப்பிலிட்டுச் சுட்டுப் பயன்படுத்தினார். அதனால் மண்ணிலிருந்த நுண்ணுயிர்கள் மடிந்தன. செடிகள் காற்றின் சத்தைக் கொள்ளவில்லை. அளவு கடந்த கவனமே உண்மையை மறைத்தது! 1886-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ரீகல், வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களே அச்சத்தைச் சேர்க்கின்றன என்று அறிவித்தார். ராத்தம்ஸ்டெட்டிலும் சோதனைகள் மீண்டும் நடந்தன. அவ்வுண்மை அங்கும் உறுதிப்பட்டது.

லாஸின் உரமும் ஹெல்ரீகலின் உண்மையும் வெப்பநாட்டு வயல்களில் ஒன்றுசேர்கின்றன. சணப்பு, தக்கைப்பூண்டு முதலிய பசுந்தாட் பயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பெறும். மணிச்சத்தோ காற்றில் இல்லை. மண்ணில் உள்ளதையே அவை திரட்டித் தரும். அது குறைந்த நிலத்தில் வேர்முடிச்சும் செவ்வனே வளராது. செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பற்றி நிறுத்திக்கொள்ளும். ஆதலின் பசுந்தாட் பயிருக்கே சூப்பர் பாஸ்பேட் இட்டு வளர்த்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவர். தழை மக்கும்போது மணிச்சத்து சிறிது சிறிதாக நெற்பயிரைச் சேரும். புளிப்பு நிலத்தில் பாறைத்தூளையே இடுவதும் உண்டு. டேக்கர் பிரபுவின் புதிருக்கு அங்கே விடை காணலாம்.

1882-இல் லாஸுக்குப் பாரனெட் பட்டம் கிடைத்தது. ஆய்வு தம்மோடு முடிந்துவிடாதிருக்க, ஒரு நூறாயிரம் பவுன் கொண்டு அறக்கட்டளை நிறுவினார். 1900-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31-ஆம் நாள் மறைந்தார். 1906-இல் இராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் ஆலை தோன்றியது. 1909-இல் ராத்தம்ஸ்டெட்டைப் பின்பற்றிக் கோயம்புத்தூரில் நிலையான உர ஆய்வு தொடங்கியது. அவ்வயல் நூறாண்டைக் கடந்தும் உழப்பட்டு வந்துள்ளது.