ஜான்ஸனும் எழுத்தாளர் ஜீவனமும்

எழுதுகோல் ஒன்றையே மூலதனமாகக் கொண்டு ஜீவனம் நடத்தத் துணிந்தவனை உலகம் எக்காலத்திலும் சந்தேகத்துடனேயே நோக்கி வந்திருக்கிறது. பிரபுக்களை அண்டிப் பிழைக்கலாம். ஸர்க்காரின் தயவை நாடலாம். அல்லது புத்தக வியாபாரியிடம் இத்தனை பக்கத்துக்கு இத்தனை என்று கூலி பேசிக்கொள்ளலாம். இம்மூன்றையும் பார்த்துவிட்டவர் இங்கிலாந்தின் ஸாமுவேல் ஜான்ஸன். அவரை அகராதி ஆசிரியர் என்றே பலரும் அறிவர். அந்த அகராதி எழுதியவருக்கு அடுப்பு எவ்வாறு எரிந்தது என்பதே நாம் இங்கே கவனிக்க விரும்பும் விஷயம்.

1709-ம் வருஷம் செப்டம்பர் 18-ந் தேதி லிச்பீல்டு என்னும் ஊரில் அவர் பிறந்தார். தகப்பனார் புத்தகக் கடை வைத்து நொடித்துப் போனவர். குழந்தைப் பருவத்திலேயே கண்டமாலை நோய் கண்டு பார்வை குன்றிவிட்டது. 1728-ல் ஆக்ஸ்போர்டு கலாசாலையில் சேர்ந்தார். பணமின்மையால் பதின்மூன்று மாதங்களில் படிப்பு நின்றது. அங்கே அவருடைய கிழிந்த பாதரட்சைகளைக் கண்டு இரங்கிய யாரோ ஒருவர் புதிய ஜோடி ஒன்றை அவர் அறை வாசலில் வைத்துச் சென்றார். ஜான்ஸன் அதை எடுத்துத் தூர எறிந்துவிட்டார். பிற்கால வாழ்க்கை முழுவதற்கும் அச்செய்கையே முகவுரை எனலாம். பின்னர் தம்மினும் இருபது வயது மூத்த ஒரு விதவையை மணந்து, அவள் பணத்தில் பள்ளிக்கூடம் ஒன்று தொடங்கினார். விரல்விட்டு எண்ணத்தக்க மாணாக்கர்களே வந்தனர். அவர்களுள் ஒருவரான டேவிட் காரிக்குடன், 1737-ல் அவர் லண்டன் நகரை அடைந்தார். காரிக் நாடக மேடையில் ஏறிச் சீக்கிரமே செல்வந்தராயினார். ஜான்ஸனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

எட்வர்டு கேவ் என்பவர் நடத்திய 'ஜென்டில்மன்ஸ் மாகஸீன்' என்ற மாதப் பத்திரிகையே அவருக்கு முதலில் சோறிட்டது. பார்லிமெண்டு விவாதங்களை வெளியிடுவது அக்காலத்தில் குற்றமாகக் கருதப்பட்டதால், லில்லிபுட் என்ற கற்பனை நாட்டுச் சபையில் நடந்தவைபோல் அவற்றைப் பிரசுரித்து வந்தனர். சபைக்குச் சென்றவர்கள் கொண்டுவரும் அற்பக் குறிப்புகளை வைத்துக்கொண்டு, கண்ணால் காணாத சபையின் சொற்பொழிவுகளை ஜான்ஸன் தம் அறையில் உட்கார்ந்து உற்பத்தி செய்தார். மந்திரிகளின் வாக்குவன்மை என்று ஊர் வியந்தது இவருடைய வறுமையின் வாக்குவன்மையே! அவை மெய்யான பேச்சுக்கள் என்று ஜனங்கள் நம்புவதை அறிந்ததும் மனம் நொந்து அவ்வேலையை அவர் விட்டுவிட்டார். பத்திரிகைத் தொழிலில் உள்ளோர் இதனை மறத்தலாகாது.

1738-ல் 'லண்டன்' என்ற கவிதைக்கு அவருக்குக் கிடைத்தது பத்துக் கினி. ரிச்சர்டு ஸாவேஜ் என்ற ஏழைக் கவியுடன் தங்க இடமின்றி இரவெல்லாம் தெருக்களில் சுற்றியதும் அந்நாட்களில்தான். ஸாவேஜ் 1743-ல் பிரிஸ்டல் நகரச் சிறையில் மாண்டார். மறு வருஷம் அந்நண்பரின் சரித்திரத்தை எழுதியதற்குப் பதினைந்து கினி கிடைத்தது.

1746-ல் புத்தக வியாபாரிகள் சிலர் கூடி, ஆங்கில மொழிக்கு அகராதி தொகுக்க 1575 பவுன் தருவதாக ஒப்பந்தம் செய்தனர். பெருந்தொகைதான், ஆனால் எழுத்து வேலைக்கு அமர்த்திய ஆறு உதவியாளரின் சம்பளமும் அதிலேயே அடங்கியது. காப் சதுக்கத்து வீட்டு மேல்மாடியில் வேலை நடந்தது. மூன்று வருஷத்தில் முடிப்பதாகச் சொன்னது ஒன்பது வருஷம் நீண்டது. இடையே வயிற்றுப்பாட்டுக்காக 'ராம்ப்ளர்' என்ற கட்டுரை வெளியீட்டை 1750 முதல் இரண்டு வருஷம், வாரம் இருமுறை நடத்தினார். ஓர் இதழுக்கு இரண்டு கினி. 1752-ல் மனைவி இறந்தாள்.

அகராதியின் திட்டத்தை 1747-ல் செஸ்டர்பீல்டு பிரபுவுக்கு அவர் சமர்ப்பித்திருந்தார். பிரபு ஒருமுறை பத்துப் பவுன் கொடுத்ததோடு மறந்துவிட்டார். நூல் வெளிவரப் போகிறது என்றறிந்ததும், 1754-ன் கடைசியில், தாமே முன்வந்து பத்திரிகையில் புகழ்ந்து எழுதினார். 1755 பிப்ரவரி 7-ந் தேதி ஜான்ஸன் அவருக்கு வரைந்த கடிதம் ஆங்கில இலக்கியத்தில் நிலைபெற்றுவிட்டது. தத்தளித்தபோது கை கொடாதவரின் உதவி, கரையேறிய பின் தேவையில்லை என்பதே அதன் சாரம். அவ்வருஷம் ஏப்ரலில் இரண்டு பெரும் பாகங்களாக, நாற்பத்திரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களுடன் அகராதி வெளியாயிற்று. கீர்த்தி வந்தது. ஒப்பந்தப் பணமோ முன்பே செலவாகிவிட்டது. 1756 மார்ச்சில் 5 பவுன் 18 ஷில்லிங் கடனுக்காக அவர் கைது செய்யப்பட்டபோது, நாவலாசிரியர் ரிச்சர்ட்ஸன் ஆறு கினி அனுப்பி மீட்டார். 1759-ல் தாயார் இறக்கவே, ஈமச் செலவுக்காக ஒரே வாரத்து மாலைப் பொழுதுகளில் 'ராஸெலஸ்' என்ற கதையை எழுதி நூறு பவுனுக்கு விற்றார்.

1762-ல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அவருக்கு வருஷம் 300 பவுன் உபகாரச் சம்பளம் அளித்தார். தாய்நாட்டுக்குத் துரோகம் செய்யும் ராஜாங்கக் கூலியாளுக்குக் கிடைக்கும் பணம் என்ற கருத்துப்பட, உபகாரச் சம்பளத்துக்குத் தம் அகராதியில் பொருள் எழுதியவர் அவர்! தயங்கினார், நண்பர்களைக் கலந்தார், இனிச் செய்யப்போவதற்கன்று, இதுவரை செய்ததற்கே என்று முதன்மந்திரி ப்யூட் பிரபு உறுதி கூறவே ஏற்றார். ஐம்பத்திரண்டு வயது வரை கடனில் உழன்றவரை இதற்காக நாம் பழிக்கத் துணியோம். ஆயினும் 1775-ல் அமெரிக்கக் குடியேற்றங்கள் உரிமை கேட்டெழுந்தபோது, மந்திரிகள் விரும்பியபடி வரிவிதிப்பு கொடுங்கோன்மை ஆகாதென்று அவர் பிரசுரம் எழுதினார். மந்திரி சபையாரே அதன் சில பகுதிகளைக் கடுமை மிக்கவை என்று நீக்கினர். அக்கொள்கை அவருடைய சொந்த நம்பிக்கைதான், பணத்துக்காக மாற்றிக்கொண்டதன்று. எனினும் ஸர்க்காரிடம் சம்பளம் பெறுபவரின் சொந்த நம்பிக்கையைப் படிப்பவர் எவ்வாறு பிரித்தறிவர்? எதிரிகள் அகராதியைப் புரட்டி அவர் எழுதிய பொருளையே அவர் முகத்தில் வீசினர்.

அந்தப் பிரசுரத்திலேயே, அடிமைகளை வைத்திருப்போர் சுதந்திரக் கூச்சலிடுவதை அவர் எள்ளி நகையாடியிருந்தார். அது வெறும் வாதத் தந்திரமன்று. அடிமை முறையை அவர் மனமார வெறுத்தவர்.

1777-ல் ஆங்கிலக் கவிகளின் சரித்திரங்களை எழுதித் தரும்படி லண்டன் புத்தக வியாபாரிகள் கேட்டபோது, விலையை அவரே சொல்லும்படி விட்டனர். அவர் கேட்டது இருநூறு கினி. ஆயிரம் கேட்டிருந்தாலும் தந்திருப்பார்கள் என்பது அவருடைய நண்பர்களின் கருத்து. ஐம்பத்திரண்டு கவிகளின் சரித்திரங்கள் 1781-ல் முடிந்தன. வியாபாரிகள் பின்னர் நூறு சேர்த்துக் கொடுத்தனர்.

1784 டிசம்பர் 13-ந் தேதி அவர் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். எழுதிச் சம்பாதித்ததில் எஞ்சியதன் பெரும்பகுதியை, ஜமெய்க்காவில் அடிமையாகப் பிறந்து முப்பதாண்டுகளுக்கு மேலாகத் தம்மோடிருந்த பிரான்ஸிஸ் பார்பர் என்ற நீக்ரோ ஊழியருக்கு, வருஷம் எழுபது பவுன் கிடைக்கும்படி எழுதிவைத்திருந்தார்.