தனியொருத்தியின் கடல் அன்று

1856-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோ துறைமுகத்துக்குள் 'நெப்டியூன்ஸ் கார்' என்ற பாய்மரச் சரக்குக் கப்பல் நுழைந்தபோது, அதன் கேப்டன் பார்வை இழந்து படுக்கையில் கிடந்தார். முதல் அதிகாரி காவலில் அடைபட்டிருந்தார். தென் அமெரிக்காவின் தெற்கு நுனியான ஹார்ன் முனையைச் சுற்றிக் கொண்டு, பல்லாயிரம் கடல் மைல் தூரம் அந்தக் கப்பலை வழிநடத்தி வந்தவர் கேப்டனின் மனைவி மேரி பேட்டன். அப்போது அவருக்கு வயது 19. வயிற்றில் ஐந்து மாதக் கரு.

அமெரிக்கக் கடல் வரலாற்றில் மேரியின் பெயர் நன்கு அறியப்பட்டது. எனினும், அவரைப் பற்றி எழுதுவோர் பலரும் அவரை ஒரு வியப்பாகவே காட்டுகிறார்கள். எங்கிருந்தோ தோன்றி, யாராலும் முடியாததைச் செய்து முடித்து, மறைந்துவிட்ட ஒருத்தியாக. எனக்கு அந்தச் சித்திரத்தில் நிறைவில்லை. அவருக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள், யார் உடன் நின்றார்கள், யார் நிற்கவில்லை என்று கேட்டுக் கொண்டே படித்தால், அதே வாழ்க்கை வேறு விதமாகப் புலப்படுகிறது.

பாஸ்டன் நகரை அடுத்த செல்சியில் 1837-இல் பிறந்தவர் மேரி ஆன் பிரௌன். 16 வயது நிறையும் முன்பே ஜோஷுவா பேட்டன் என்ற இளம் கேப்டனுக்கு மணமுடிக்கப்பட்டார். 1855-இல் 'நெப்டியூன்ஸ் கார்' கப்பலின் பொறுப்பு ஜோஷுவாவுக்கு வந்தபோது மேரியும் உடன் ஏறினார். கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்த பிறகு, நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குச் சரக்கை விரைந்து கொண்டுசேர்க்கக் கட்டப்பட்ட 'கிளிப்பர்' வகைக் கப்பல்களுள் அதுவும் ஒன்று. பனாமா கால்வாய் அப்போது இல்லை. 15,000 கடல் மைலுக்கும் மேலாகத் தென் அமெரிக்காவைச் சுற்றிச் செல்ல வேண்டும்.

அந்த முதல் பயணத்தில்தான் மேரி கற்றார். பொழுது போகவில்லை என்று தொடங்கிய கல்வி என்பார்கள். நண்பகலில் செக்ஸ்டன்ட் கருவியால் சூரியனின் உயரத்தை அளந்தால் அட்சரேகை கிடைக்கும். பிழையில்லாமல் ஓடும் கப்பல் கடிகாரத்தின் நேரத்தை வானத்தோடு ஒப்பிட்டால் தீர்க்கரேகை கிடைக்கும். இரண்டையும் இணைத்தால், கரையே தெரியாத நீர்வெளியில் கப்பல் நிற்கும் புள்ளி வரைபடத்தில் விழும். கேட்க எளிது, ஆடும் தளத்தில் நின்றுகொண்டு, மேகம் விலகும் சில நொடிகளில் அளந்து, அட்டவணைகளைப் புரட்டிக் கணக்கிடுவது எளிதன்று. ஜோஷுவா தன் மனைவிக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார். அன்று கப்பல்களில் பணிபுரிந்த ஆண்கள் பலருக்கே இந்தக் கணக்கு தெரியாது என்பதை இங்கே குறித்துக் கொள்ள வேண்டும்.

கப்பல் தலைவர்களின் மனைவியர் கடலுக்குச் செல்வது அந்நாளைய நியூ இங்கிலாந்தில் அரிதன்று. திமிங்கில வேட்டைக் கப்பல்களில் மனைவி, குழந்தையோடு வாழ்ந்த கேப்டன்கள் பலர். நடுக்கடலில் இரு கப்பல்கள் சந்தித்தால் பாய்களைச் சுருக்கி நின்று, ஒரு கப்பலின் பெண்கள் மற்றக் கப்பலுக்குச் சென்று பேசி மகிழ்வதுண்டு. ஹவாய்த் தீவுகளின் துறைகளில் இப்பெண்கள் மாதக்கணக்கில் தங்கினார்கள். அங்கே பேறுகாலம் பார்த்தார்கள். கடிதங்களும் செய்திகளும் கைமாறின. மேரி சான்பிரான்சிஸ்கோ சேர்ந்த அதே மாதத்தில் மேரி சிப்மன் லாரன்ஸ் என்ற பெண் கணவரோடும் சிறு மகளோடும் 'அடிசன்' என்ற திமிங்கிலக் கப்பலில் புறப்பட்டு, அந்த வாழ்க்கையை நாட்குறிப்பாக எழுதி வைத்தார். கடலோடும் பெண்களுக்கு ஒரு சுற்றம் இருந்தது என்பதற்கு அது சான்று.

கிளிப்பர் கப்பலில் அந்தச் சுற்றத்துக்கு இடமில்லை. வேகமே அதன் வணிகம். வழியில் நிற்பது இழப்பு. எலினார் கிரீசி என்ற பெண், தந்தையிடம் வழிகாணும் கலையைப் பயின்று, கணவரின் 'ஃபிளையிங் கிளௌட்' கப்பலை 1851-இல் 89 நாள்களில் சான்பிரான்சிஸ்கோ கொண்டுசேர்த்தார். 1854-இல் சில மணி நேரம் குறைத்து அவர்களே அதை மேம்படுத்தினார்கள். அந்தச் சாதனை 1989 வரை முறியடிக்கப்படவில்லை. அதே பாதை, அதே பணி. ஆனால், நடுக்கடலில் மேரியின் கூப்பிடு தூரத்தில் அப்படி ஒரு பெண்ணும் இல்லை.

1856 ஜூலைத் தொடக்கத்தில் நியூயார்க்கிலிருந்து கப்பல் புறப்பட்டது. உடன் கிளம்பிய கப்பல்களோடு போட்டி. முதல் அதிகாரி கீலர் காவல் நேரத்தில் உறங்குவதும் கட்டளைகளை மீறுவதுமாக இருந்தார். கேப்டன் அவரைப் பணியிலிருந்து நீக்கி அடைத்தார். அவருடைய காவல் நேரத்தையும் தாமே ஏற்றார். இரவு பகலாகத் தளத்தில் நின்றதில், முன்பே உடலுக்குள் இருந்த காசநோய் முற்றியது. ஹார்ன் முனையை நெருங்கும் வேளையில் காய்ச்சல் மூளையைத் தாக்கி, நினைவு தடுமாறி வீழ்ந்தார். இரண்டாம் அதிகாரி வில்லியம் ஹேர் நல்ல மாலுமி; ஆனால் வழிகாணும் கணக்கு அறியாதவர். கணக்குத் தெரிந்தவர்கள் கப்பலில் இருவரே எஞ்சினர். அடைபட்டிருந்த கீலர் ஒருவர், மேரி மற்றொருவர்.

கீலர் உடனே மேரிக்கு எழுதினார். காத்திருக்கும் ஆபத்துகளை விவரித்து, பொறுப்பைத் தம்மிடம் தருமாறு கேட்டார். அதிகாரியாகவே என் கணவர் நம்பாத உம்மைக் கேப்டனாக நான் நம்ப முடியாது என்ற பொருளில் மேரி மறுத்துவிட்டார். கீலர் மாலுமிகளைத் தூண்டிவிட முயன்றார். மேரி மாலுமிகளை அழைத்து நிலைமையை மறைக்காமல் எடுத்துரைத்தார். கணவர் தேறும்வரை தமக்குத் துணை நிற்குமாறு கேட்டார். நின்றார்கள். ஹேர் முதலில் நின்றார்.

இந்த இடத்தை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன். 19 வயதுப் பெண்ணின் சொல்லுக்கு முரட்டு மாலுமிகள் கட்டுப்பட்டார்கள் என்பதை அவருடைய பேச்சு வன்மையாக மட்டும் விளக்குவது போதாது. மேரி கணக்குப் போடுவதை அவர்கள் பார்த்திருந்தார்கள். அவர் கணக்கு சரியாக இருந்தால் தாங்கள் பிழைப்போம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். கணக்கு அவருடையது, பாய்மரத்தில் ஏறிப் பனியில் விறைத்த பாய்களைச் சுருட்டிய கைகள் அவர்களுடையவை. ஒன்றில்லாமல் மற்றொன்றால் பயனில்லை.

தெற்கே 56 பாகையில், தென்கோளத்தின் கடுங்குளிர் முடியாத நாள்களில், மேற்கிலிருந்து ஓயாமல் வீசும் எதிர்க்காற்றில், பனிப்பாறைகளுக்கிடையே அவர் கப்பலைச் செலுத்தினார். தளத்தில் நின்ற நேரம் போக மீதி நேரம் கணவரின் படுக்கையருகே. மருத்துவ நூல்களைப் புரட்டி அவருக்கு வைத்தியம் பார்த்தார். 50 நாள்கள் அவர் மாற்றுடை உடுத்தவில்லை என்று அக்கால நாளிதழ்கள் திரும்பத் திரும்ப எழுதின. முனையைக் கடந்த பின் ஜோஷுவா சற்றே தேறினார். வேறு வழியின்றிக் கீலரிடம் மீண்டும் பணியை ஒப்படைத்தார். சில நாள்களில் மேரி தம் கணக்கில் ஒன்றைக் கண்டுபிடித்தார். கப்பல் சான்பிரான்சிஸ்கோவை விட்டு, சிலி நாட்டு வால்பரைசோவை நோக்கிப் போய்க் கொண்டிருந்தது. கீலர் மீண்டும் அடைக்கப்பட்டார். ஜோஷுவா மறுபடி வீழ்ந்தார். இம்முறை பார்வையும் போயிற்று. மேரி கப்பலைக் கரை சேர்த்தபோது, போட்டியிட்ட கப்பல்களுள் ஒன்றான 'இன்ட்ரெபிட்' இன்னும் வந்து சேரவில்லை.

லட்சக்கணக்கான டாலர் மதிப்புள்ள கப்பலும் சரக்கும் காப்பாற்றப்பட்டதற்காகக் காப்பீட்டு நிறுவனங்கள் மேரிக்கு 1,000 டாலர் பரிசளித்தன. அதை ஏற்று அவர் எழுதிய மறுமொழி, மனைவி என்ற முறையில் தம் கடமையையே செய்ததாகச் சொல்கிறது. இந்தப் பகுதிதான் பெரிதும் எடுத்துக் காட்டப்படுகிறது. அதே மடலில், ஹேரின் உழைப்பும் மாலுமிகளின் நன்னடத்தையும் இல்லையென்றால் கப்பல் வந்து சேர்ந்திராது என்றும் அவர் தெரிவித்திருக்கிறார். இதைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். என் கணிப்பில், முன்னதைவிடப் பின்னதே மேரியை நமக்குக் காட்டுகிறது.

பெண்ணுரிமைக்குக் குரல் கொடுத்தவர்கள் அவரைச் சான்றாக எடுத்துக் கொண்டார்கள். பெண்ணால் என்ன முடியும் என்று கேட்டவர்களுக்கு அவர் பெயர் விடையாயிற்று. அவரோ மேடை ஏறவில்லை. ஏற நேரமும் இல்லை. 1857 மார்ச்சில் மகன் பிறந்தான். தந்தையின் பெயரே இடப்பட்டது. ஜூலையில் கணவர் இறந்தார். பாஸ்டன் மக்கள் அவருக்காக நிதி திரட்டினார்கள். கணவரின் நோய் அவரையும் பற்றியிருந்தது. 1861 மார்ச்சில், 24-ஆவது பிறந்தநாளுக்குச் சில வாரங்களே இருந்தபோது காலமானார். அவர் கற்ற கணக்கை இன்னொரு பெண்ணுக்குச் சொல்லிக் கொடுக்கும் பள்ளி அன்று அரிது. பெரும்பாலும் தந்தையோ கணவரோ மனம் வைத்தால்தான் பெண்ணுக்கு இந்தக் கல்வி.

கிங்ஸ் பாயின்டில் உள்ள அமெரிக்க வணிகக் கடற்படைக் கல்விக்கழகத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. வழிகாணும் கலையைக் கற்பிக்கும் கட்டடத்துக்குச் சூட்டியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். அக்கல்விக்கழகம் பெண்களை மாணவியராகச் சேர்த்துக் கொண்டது 1974-இல். மேரியின் பயணத்துக்கு 118 ஆண்டுகள் கழித்து.

நம் தொல்காப்பியமும் கடல் கடந்து செல்லும் தலைவன் தலைவியை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்றே சொல்கிறது. அந்த வழக்கம் மாறுவதற்குத் தனிப்பட்ட துணிச்சல் போதுமானதாக இருக்கவில்லை. 2017-இல் இந்தியக் கடற்படையின் ஆறு பெண் அதிகாரிகள் 'தாரிணி' பாய்மரப் படகில் உலகைச் சுற்றக் கிளம்பும் முன், தனியாக உலகைச் சுற்றிய முதல் இந்தியரான திலீப் தோண்டே அவர்களுக்குப் பயிற்சியளித்தார். அவர்கள் 254 நாள்களில் திரும்பினார்கள். அடுத்து அதே படகில் இருவர்: கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. இவர்களுக்கு வழிகாட்டி அபிலாஷ் டோமி. முதலில் பெரிய குழுவோடு கோவாவிலிருந்து ரியோ வரை சென்று மீண்டார்கள். பிறகு இருவர் மட்டும் மொரீஷியஸ் சென்று வந்தார்கள். அதன் பின்னரே 2024 அக்டோபர் 2-ஆம் நாள் உலகைச் சுற்றக் கோவாவிலிருந்து புறப்பட்டார்கள்.

2025 பிப்ரவரியில் அந்தப் படகு ஹார்ன் முனையைக் கடந்தது. மேரி எதிர்க்காற்றோடு போராடி மேற்கே சென்ற அந்த நீரில், இவர்கள் காற்றோடு கிழக்கே சென்றார்கள். ஒருவர் உறங்கும்போது மற்றவர் காவல் இருந்தார்.