பந்தயம் காணாத கார்: பொறியியலாளர் ஊலன்ஹவுட்டின் கதை

2022 மே மாதம் ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஒரு பழைய கார் 13 கோடியே 50 இலட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. அதுவரை எந்தக் காரும் அவ்வளவு விலைக்கு விற்கப்பட்டதில்லை. அதை உருவாக்கிய ருடோல்ஃப் ஊலன்ஹவுட்டின் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது.

1906இல் லண்டனில் பிறந்தவர் அவர். தந்தை ஜேர்மனியர், தாய் ஆங்கிலேயர். மியூனிக்கில் பொறியியல் படித்து, 1931இல் மெர்சிடிஸ் கார்களைத் தயாரிக்கும் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார்.

1936இல் மெர்சிடிஸ் பந்தயக் கார்கள் தோற்றுக்கொண்டிருந்தன. பந்தயப் பிரிவின் தொழில்நுட்பப் பொறுப்பு 30 வயது ஊலன்ஹவுட்டிடம் வந்தது. அதுவரை அவர் பந்தயக் கார் ஓட்டியதில்லை. ஆனாலும் நூர்பர்க்ரிங் ஓடுபாதையில் தானே ஏறி, சுற்றுச் சுற்றாக ஓட்டிப் பார்த்தார். கோளாறு பிடிபட்டது: சட்டகம் வளைந்தது, சுருள்வில்கள் அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்தன. சட்டகத்தை உறுதியாக்கி, வில்களை இளக்கினார். அந்த மாற்றங்களுடன் வந்த W125 காரில் 1937இல் கராச்சியோலா ஐரோப்பிய சாம்பியனானார்.

இந்த வெற்றிகளுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஹிட்லரின் அரசு பந்தயக் கார்களுக்குப் பணம் கொடுத்தது. வெற்றிகளைத் தன் பிரசாரமாக்கியது. போர்க்காலத்தில் அதே நிறுவனத்தின் தொழிற்சாலைகளில் போர்க்கைதிகளும் வதைமுகாம் கைதிகளும் உட்பட பல்லாயிரம் பேர் கட்டாய உழைப்பில் வாட்டப்பட்டனர். ஊலன்ஹவுட்டின் திறமையைப் பேசும்போது இதை மறைத்துவிட்டுப் பேச முடியாது.

போருக்குப் பின் அவர் 300 SL காரை உருவாக்கினார். மெல்லிய குழாய்களால் பின்னிய அதன் சட்டகம் பக்கங்களில் உயர்ந்திருந்ததால் வழக்கமான கதவு வைக்க இடமில்லை. அதனால் கதவுகள் பறவைச் சிறகுபோல மேல்நோக்கித் திறந்தன. 1952இல் அந்தக் கார் பிரான்ஸின் லு மான் பந்தயத்தை வென்றது.

மூன்று ஆண்டுகளின் பின் அதே லு மானில், 1955 ஜூன் 11ஆம் திகதி, மெர்சிடிஸின் 300 SLR கார் ஒன்று மோதுண்டு பார்வையாளர் பக்கம் பாய்ந்தது. 80க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முன்னணியில் இருந்தபோதும் அன்றிரவே மெர்சிடிஸ் அணி விலகியது. அந்த ஆண்டு முடிவில் நிறுவனம் பந்தயங்களையே கைவிட்டது.

அடுத்த ஆண்டுக்கென மூடிய கூரையுடன் செய்த இரண்டு SLR கார்கள் பந்தயம் காணாமலே நின்றன. அவற்றில் ஒன்றை ஊலன்ஹவுட் வேலைக்குப் போய்வரப் பயன்படுத்தினார். 1972இல் ஓய்வுபெற்று, 1989இல் ஸ்டுட்கார்ட்டில் காலமானார்.

ஏலம் போனது அந்த இரண்டில் ஒன்றுதான். ஏலப் பணம் இளைஞர்களின் கல்விக்கான நிதியத்துக்கு ஒதுக்கப்பட்டது. அந்த விலையைப் பற்றிப் பேசுபவர்கள், லு மானில் பந்தயம் பார்க்கப் போய் வீடு திரும்பாதவர்களையும் நினைக்க வேண்டும்.