நன்றி மறவாத பெருந்தகை

மக்கட் பண்புகளுள் தலையாயது செய்ந்நன்றியறிதல். திருவள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்துப் பத்துக் குறள்களை அருளிச்செய்தார். ஆயினும், மனத்தில் நன்றி இருந்தாற் போதுமா, அதனை வெளியிடவும் வேண்டுமா என்னும் வினா நம்மிடையே எழுவதுண்டு. பள்ளியிற் பயின்ற இளைஞர், எதற்கும் ‘தாங்ஸ்’ என்று கூறி அத்துடன் அமைகின்றனர். பெரியோரோ, உற்றாருக்கு நன்றி கூறுதல் அவர்களை அந்நியராக்குவதாகும் என்று வாளா இருக்கின்றனர். இவ்விருவரும் கண்டு தெளியத்தக்க வாழ்க்கை ஒன்றுண்டு. அது மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்களுடைய வாழ்க்கை.

ஐயரவர்கள் 1855 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 19 ஆந் திகதி பிறந்தார். சொந்த ஊர் தஞ்சை நாட்டிலுள்ள உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான்; செல்வம் இல்லாதவர். மைந்தனுக்குத் தமிழ்க் கல்வி கிடைக்கும் பொருட்டு ஊர் விட்டு ஊர் குடிபெயர்ந்து அலைந்தார். ஈற்றில் மாயூரத்திலிருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மகனை ஒப்புவித்தார். வேங்கடராமன் என்ற பெயரினும் வீட்டில் வழங்கிய சாமிநாதன் என்ற பெயரே ஆசிரியருக்கு உவப்பாயிற்று. ஆசிரியர் விரும்பி அழைத்த அப்பெயராலேயே உலகம் இன்றும் அவரை அறிகின்றது.

பிள்ளையவர்கள் சாதி சமய வேற்றுமை பாராது மாணாக்கர் பலருக்குக் கற்பித்தவர். 1876 ஆம் ஆண்டு திருவாவடுதுறையில் அவர் உயிர் நீங்கும் வேளையில், அருகிருந்து திருவாசகம் படித்தவர் சாமிநாதையர். உடனிருந்து பணிவிடை செய்தவர்களுள் ஒருவர் கிறிஸ்தவராகிய சவேரிநாத பிள்ளை என்னும் மாணாக்கர். குருபக்திக்கு முன் சமய பேதம் தலைகாட்டவில்லை.

ஆசிரியர் மறைந்தபின் திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகர் ஐயரவர்களை ஆதரித்தார். அக்காலத்தில், கும்பகோணம் கல்லூரியிற் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற நேர்ந்தது. அவரும் மகாவித்துவானிடம் பயின்றவரே. தம் இடத்துக்குச் சாமிநாதையரே தக்கவர் எனத் துணிந்து, பிரிய மனமில்லாத தேசிகரையும் இசைவித்து, 1880 ஆம் ஆண்டில் அவ்வேலையைப் பெற்றுக்கொடுத்தார்.

அவ்வாண்டிலேயே கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரை ஐயர் காணச் சென்றார். தாம் கற்ற பிரபந்தங்களையும் புராணங்களையும் வரிசையாகக் கூறினார். முதலியாரோ அவற்றைப் பொருட்படுத்தாமல், சீவகசிந்தாமணி முதலிய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று வினவினார். சிந்தாமணிப் பிரதி ஒன்றையும் பின்னர் உதவினார். கற்றவர் ஒருவரின் பெருமிதத்தைக் குலைக்கக்கூடிய வினா அது. வேறொருவராயின் மனத்தாங்கல் கொண்டிருப்பர். ஐயரோ தம் வாழ்வின் போக்கையே மாற்றிய பேருதவியாக அதனைக் கொண்டு, பிற்காலத்தில் விரித்து எழுதிவைத்தார். நம் குறையைச் சுட்டிக்காட்டுபவருக்கும் நன்றி பாராட்டுதல் எத்துணை அரிய பண்பு!

சிந்தாமணி சமண காவியம். அதன் சமயக் கருத்துக்கள் சைவச் சூழலில் வளர்ந்த ஐயருக்கு விளங்கவில்லை. கும்பகோணத்திலிருந்த சந்திரநாத செட்டியார் முதலிய சமணரிடம் சென்று, மாணாக்கர் போல அமர்ந்து கேட்டுத் தெளிந்தார். 1887 ஆம் ஆண்டு நூல் அச்சேறியது. பின்பு பத்துப்பாட்டு 1889 இலும், சிலப்பதிகாரம் 1892 இலும், புறநானூறு 1894 இலும், மணிமேகலை 1898 இலும் வெளிவந்தன. இப்பணிக்கு உதவியோருள் நம் கொழும்பைச் சேர்ந்த பொ. குமாரசாமி முதலியாரும் ஒருவர் என்பது நாம் மகிழ்தற்குரியது. ஏடு கொடுத்தவர், பொருள் தந்தவர், உடனிருந்து ஒப்புநோக்கியவர் என யாவரையும் முகவுரைகளிற் பெயர் சொல்லிப் பாராட்டினார் ஐயர். அன்று ஏடு ஈந்த பலருடைய பெயர் இன்றும் நிலைத்திருப்பது அம்முகவுரைகளாலேயே.

தியாகராச செட்டியார் 1888 ஆம் ஆண்டு காலமானார். ஐயர் 1903 ஆம் ஆண்டில் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றம் பெற்றார். திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்துக்குத் ‘தியாகராச விலாசம்’ எனப் பெயரிட்டார். செட்டியார் இனி வந்து உதவப் போவதில்லை. புகழுரை கேட்கவும் அவர் இல்லை. கைம்மாறு கருதாத நன்றி அதுவே. நாடோறும் வாசலிற் புகும்போதெல்லாம் தமக்குச் சோறிட்டவர் பெயரைத் தாமும் கண்டு பிறரும் காணச் செய்தார்.

ஆசிரியரை அவர் மறந்த நாளே இல்லை. 1933, 1934 ஆம் ஆண்டுகளில், எண்பதை அணுகிய முதுமையில், மகாவித்துவானின் சரித்திரத்தை இரு பாகங்களாக வெளியிட்டார். குரு மறைந்து ஐம்பத்தேழு ஆண்டுகள் கழிந்திருந்தன! அந்நூல் இன்றேல் பிள்ளையவர்களுடைய வாழ்வின் பெரும்பகுதியை நாம் அறியோம். 1942 ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 28 ஆந் திகதி ஐயரவர்கள் இவ்வுலகை நீத்தார்.

தியாகராச விலாசம் 2012 ஆம் ஆண்டு இடித்துத் தள்ளப்பட்டது. நன்றியின் சின்னமாய் நின்ற இல்லத்தைக் காக்க நம் தமிழுலகத்தால் இயலவில்லை. ஆனால் அவர் ஏட்டில் எழுதிவைத்த நன்றி அழியவில்லை.

இளைஞர்களே! உதட்டளவிற் கூறி மறப்பதும் நன்றியன்று. நெஞ்சினுள் பூட்டிவைப்பதும் நிறைந்த நன்றியன்று. எழுத்தறிவித்த ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுவோம். அதிகாலையில் எழுந்து சோறு சமைத்துத் தரும் அன்னையிடம் ஓர் இன்சொற் கூறுவோம். நம் சங்கத்தை நிறுவி வளர்த்த முதியோரின் பெயர்களை அவர்கள் உள்ளபோதே எழுதிவைப்போம். பெரியோர்களே! இளையோர் செய்யும் சிறு பணியையும் வாய்விட்டுப் பாராட்டுங்கள். பெற்ற உதவியைப் பெயர் சொல்லிப் போற்றும் சமுதாயத்தில் உதவுவோர் ஒருநாளும் குறையார்.