இலவச டிக்கெட்டுக்கு எதிராக ஒரு கதை: வ.உ.சி. கப்பல் கம்பெனி வாடிக்கையாளர்களைப் பிடித்தது எப்படி?

திருநெல்வேலி மாவட்டக் கடற்கரை கிராமமான உவரிக்குப் போனவர்கள், கப்பல் வடிவில் கட்டப்பட்ட கப்பல் மாதா ஆலயத்தைப் பார்த்திருப்பார்கள். அதே கடற்கரையில் வடக்கே இருக்கிறது தூத்துக்குடி. ஒரு பொருளை விலையை வைத்து விற்காமல் கதையை வைத்து விற்க முடியுமா? இன்றைய பிராண்டுகள் மண்டையை உடைத்துக்கொள்ளும் இந்தக் கேள்விக்கு, 1906-லேயே அங்கே ஒரு வக்கீல் பதில் சொல்லிப் பார்த்தார். அவர்தான் வ.உ.சிதம்பரம் பிள்ளை.

யார் இந்த வ.உ.சி.?

1872 செப்டம்பர் 5-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். அப்பா உலகநாத பிள்ளையும் வக்கீல்தான். சட்டம் படித்து, சொந்த ஊரில் தொழிலைத் தொடங்கி, பிறகு தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். அங்கிருந்து கொழும்புக்குப் போகும் கப்பல் போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கையில் இருந்தது. சரக்கு அனுப்பும் வியாபாரிகளுக்கு வேற வழியே இல்லை.

என்ன செய்தார்?

1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 2 லட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கினார்.

வ.உ.சி. லாபக் கணக்கை மட்டும் காட்டிப் பங்கு விற்கவில்லை. நம்ம கடலில் நம்ம கப்பல் ஓடணும் என்பதுதான் அவர் ஊர் ஊராகச் சொன்ன சேதி. அந்தக் கதையில் வாடிக்கையாளரும் ஒரு பாத்திரம். 25 ரூபாய் போட்டால் கப்பலில் ஒரு துளி அவருக்கும் சொந்தம்!

முதலில் ஓடியது வாடகைக் கப்பல். பிரிட்டிஷ் கம்பெனியின் நெருக்கடியில் அதுவும் கைவிட்டுப் போனது. சொந்தக் கப்பல் இல்லாமல் திரும்ப மாட்டேன் என்று சபதம் போட்டு பம்பாய்க்குக் கிளம்பினார். அந்தச் சபதமும் கதையோடு சேர்ந்துகொண்டது. 1907-ல் காலியா, லாவோ என இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

எதிராளி என்ன செய்தார்?

பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாக இறக்கியது. சுதேசிக் கப்பலில் எட்டணா. அடுத்து பயணமே இலவசம், கூட ஒரு குடை! அவ்வளவு தூரம் இறங்கி வந்ததே, வ.உ.சி.யின் கதை பயணிகளிடம் எடுபட்டது என்பதற்குச் சாட்சி. ஆனால் இலவசத்தோடு மல்லுக்கட்டினால் எந்தக் கம்பெனிக்கும் கல்லாப்பெட்டி கரையத்தான் செய்யும். கதை ஆட்களைக் கொண்டுவரும். நிலக்கரிக்கும் கூலிக்கும் பணம்தான் வேணும்.

எங்கே சறுக்கியது?

1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றார். மார்ச் 12-ல் கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் இறந்தார்கள். விசுவாசம் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதை ஊரே காட்டியது. ஆனால் அது அவர் மேலும், அவர் சொன்ன லட்சியத்தின் மேலும் இருந்த விசுவாசம். கதை சொன்னவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விழுந்ததும், கம்பெனியைத் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை. அவர் சிறையில் செக்கிழுத்துக்கொண்டிருக்க, 1911-ல் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா கப்பல் போட்டிக் கம்பெனியிடமே போய்ச் சேர்ந்ததுதான் கொடுமை.

மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912 டிசம்பரில் விடுதலையானார். வரவேற்கக் கூட்டம் இல்லை. வறுமையிலேயே காலம் தள்ளி, 1936 நவம்பர் 18-ல் தூத்துக்குடியில் காலமானார்.

இன்றைய பிராண்டுகளுக்கு என்ன பாடம்?

வாடிக்கையாளரைக் கதையின் பங்காளி ஆக்கினால், அவர் விலையை மட்டும் பார்க்க மாட்டார். அதே நேரம், மொத்தக் கதையையும் ஒரே மனிதரின் தோளில் ஏற்றக் கூடாது. அவர் இல்லாத நாளிலும் கப்பல் ஓட ஏற்பாடு வேணும். வ.உ.சி.யின் கம்பெனி 5 வருஷம்தான் இருந்தது. கப்பலோட்டிய தமிழன் என்ற பேர் 100 வருஷம் தாண்டியும் நிற்கிறது.