பம்பாயை ஆட்டிவைத்த தரகர்

சென்னை நந்தனத்தில் இன்று பல வீடுகளில் காலைக் காப்பியோடு ஒரு புதுப் பழக்கம் சேர்ந்திருக்கிறது. கைபேசியைக் கையில் எடுக்கிறார்கள். கம்பெனிப் பங்குகளைச் சல்லடை போட்டுச் சலிக்கிறார்கள்.

எந்தக் கம்பெனி அதிக ஈவு கொடுக்கிறது? எந்தப் பங்கின் விலை மளமளவென்று ஏறுகிறது? இரண்டும் ஒன்றாக உள்ள பங்கு எது?

ஈவு என்றால், கம்பெனி தன் லாபத்திலிருந்து பங்குதாரருக்குக் கொடுக்கும் பாகம். ஈவும் வரவேண்டும், விலையும் ஏறவேண்டும். யாருக்குத்தான் இந்த ஆசை இராது?

160 ஆண்டுகளுக்கு முன்பு இதே ஆசையில் ஒரு நகரமே மூழ்கியது. அந்த நகரம் பம்பாய். அந்த நகரத்தை ஆட்டிவைத்தவர் பிரேம்சந்த் ராய்சந்த்!

சூரத்துப் பையன்

பிரேம்சந்த் 1831-ம் ஆண்டு சூரத்தில் ஒரு ஜைனக் குடும்பத்தில் பிறந்தார். பிழைப்புத் தேடி அந்தக் குடும்பம் பம்பாய்க்கு வந்தது. பையன் ஆங்கிலம் படித்தான். ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் இந்தியத் தரகர் இவரே என்பார்கள்.

1849-ல், 18 வயதில், ஒரு தரகரிடம் உதவியாளாகச் சேர்ந்தார். அந்த நாளில் பங்கு மார்க்கெட்டுக்குக் கட்டடம் கிடையாது. டவுன் ஹாலுக்கு எதிரே ஆலமர நிழலில் தரகர்கள் கூடுவார்கள். வியாபாரம் வாய்ப் பேச்சிலேயே நடக்கும். பிரேம்சந்துக்கு நினைவாற்றல் அதிகம். விரைவில் பெரிய தரகராகிவிட்டார்.

எங்கோ நடந்த சண்டை

1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. தென்பகுதித் துறைமுகங்களை லிங்கனின் கப்பல்கள் அடைத்துக்கொண்டன. அங்கிருந்து பஞ்சு வருவது நின்றது. சீமையில் லங்காஷயர் ஆலைகள் தவித்தன. அவை பம்பாய்ப் பஞ்சைத் தேடி வந்தன.

பஞ்சு விலை பலமடங்கு ஏறியது. பம்பாயில் பணம் வந்து குவிந்தது. பிரேம்சந்த் பருத்தி ராஜா ஆனார்.

குவிந்த பணம் சும்மா இருக்குமா? தினம் ஒரு கம்பெனி முளைத்தது. 1864-ல் பாக்பே கம்பெனி வந்தது. நகரத்தின் மேற்கே கடலைத் தூர்த்து நிலமாக்குவது அதன் திட்டம். அதன் 5,000 ரூபாய்ப் பங்கு 50,000 ரூபாய் வரை போயிற்று. ஆனால், நிலம் இன்னும் கடலுக்கு அடியில்தான் இருந்தது!

புதுக் கம்பெனியை நம்பாதவர்கள் பழைய வங்கியை நம்பினார்கள். 1840-ல் ஏற்பட்டது பாங்க் ஆப் பம்பாய். அரசாங்கமே அதில் பங்குதாரர். ஈவும் கொடுத்துவந்தது. அதன் 500 ரூபாய்ப் பங்கு 2,850 ரூபாய்க்கு ஏறியது. ஈவும் உண்டு, ஏற்றமும் உண்டு. இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்த வங்கியின் பணம் எங்கே போயிற்று என்று மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. பங்குகளை ஈடாக வாங்கிக்கொண்டு வங்கி கடன் கொடுத்தது. பிரேம்சந்தின் சொல்லுக்கு அங்கே பெரிய மதிப்பு. கடன் வாங்கியவர்கள் மேலும் பங்கு வாங்கினார்கள். அதனால் விலை ஏறியது. விலை ஏறியதால் மேலும் கடன் கிடைத்தது!

விடிந்தது ஜூலை 1

1865 ஏப்ரலில் அமெரிக்கப் போர் ஓய்ந்தது. செய்தி எட்டியதும் பம்பாயில் பஞ்சு விலை சரிந்தது. பங்கு விலையும் சரிந்தது. முன்பேரம் பேசியவர்கள் ஜூலை 1-ம் தேதி பணம் கட்டவேண்டும். அன்று பலரிடம் பணம் இல்லை.

50,000 ரூபாய்க்கு விற்ற பாக்பே பங்கு 2,000-க்கும் கீழே போயிற்று. 2,850 ரூபாய்க்கு விற்ற வங்கிப் பங்கு 87 ரூபாய்க்கு வந்தது. 1868-ல் அந்த வங்கியை மூடவேண்டியதாயிற்று. பிரேம்சந்த் அதற்கு முன்பே, 1866-ல், நொடித்துப்போனார்.

கொடுத்தது நின்றது

செழிப்பாக இருந்தபோது அவர் பம்பாய்ப் பல்கலைக்கழகத்துக்கு நூலகம் கட்ட 2 லட்சம் ரூபாயும், மணிக்கூண்டு கட்ட 2 லட்சம் ரூபாயும் கொடுத்திருந்தார். 1878-ல் 280 அடி உயரத்தில் கூண்டு எழுந்தது. அதற்கு அவருடைய தாயார் ராஜாபாயின் பெயர். கல்கத்தா பல்கலைக்கழகத்திலும் அவர் பெயரால் உதவித்தொகை ஏற்பட்டது. சேர்த்த பணம் பறந்தது. கொடுத்த பணம் கோபுரமாக இன்றும் நிற்கிறது.

பிரேம்சந்த் மூலையில் உட்காரவில்லை. மீண்டும் தரகுத் தொழிலில் இறங்கினார். 1875-ல் பம்பாய்த் தரகர்கள் சங்கம் அமைத்தார்கள். அதுதான் இன்றைய மும்பை பங்குச்சந்தை. அதைத் தொடங்கியவர்களில் ஒருவராக அவரையும் சொல்வார்கள். 1906-ல் அவர் காலமானார்.

அதே 1906-ல் சென்னையில் அர்பத்நாட் வங்கி கவிழ்ந்தது. நல்ல வட்டி வருகிறதென்று நம்பிப் பணம் போட்ட குடும்பங்கள் கலங்கி நின்றன. மறு ஆண்டே வி. கிருஷ்ணசாமி அய்யர் முதலியோரின் முயற்சியால் இந்தியன் வங்கி பிறந்தது.

சல்லடையில் இன்னொரு கண்

ஒரு சிறு கணக்கு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 50 ரூபாய் ஈவு என்று வைத்துக்கொள்வோம். பங்கின் விலை 500 ரூபாய் என்றால் அது நூற்றுக்குப் பத்து. விலை 2,850 ஆனால் நூற்றுக்கு இரண்டுகூடத் தேறாது. விலை 250-க்கு விழுந்தால் நூற்றுக்கு இருபது! பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால், விலை விழுந்த காரணம் என்ன? லாபம் வற்றியதுதான் காரணமென்றால், அடுத்த ஆண்டு அந்த 50 ரூபாய் வராது.

ஆகவே ஈவைப் பார்க்கலாம். ஏற்றத்தையும் பார்க்கலாம். அதோடு, ஈவு உழைத்த லாபத்திலிருந்து வருகிறதா, ஏற்றம் கடன் பணத்தால் வருகிறதா என்றும் பார்க்கவேண்டும். பம்பாய் அன்று பார்க்கத் தவறியது அதைத்தான். நந்தனத்து வீட்டில் சலிக்கும் கை, அதையும் சேர்த்துச் சலித்தால் நல்லது.